புது கார்டு போட்டும் கூட்டத்தில் 14 எஃப்பிஎஸ்: செகண்ட் லைஃப், ஃபயர்ஸ்டார்ம், லினக்ஸ்

பனைநிழல்

வணக்கம். நான்கு வருடமாக செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் இருக்கிறேன். வாரம் ஒரு நாள் நேரலை இசை நிகழ்ச்சிக்குப் போவது வழக்கம். பாடுபவர் தன் வீட்டிலிருந்து பாடுவார், நாங்கள் நாற்பது பேர் எங்கள் அவதார் உருவங்களில் மேடைக்கு முன்னால் நின்று கேட்போம். எனக்கு அந்த ஒரு மணி நேரம் முக்கியம்.

போன மாதம் வரை ரைசன் 5 5600ஜி-யில் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில்தான் ஓட்டினேன். இப்போது சேமித்த காசில் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி கார்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். உபுண்டு 24.04 லினக்ஸ், செகண்ட் லைஃபுக்குள் நுழையும் மென்பொருளாக ஃபயர்ஸ்டார்ம் வியூவர், 16 ஜிபி ரேம்.

என் வீட்டுத் தோட்டத்தில் தனியாக நின்றால் முன்பு 35 எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரையும் ஃபிரேம்கள்), இப்போது 120. ஆனால் இசை நிகழ்ச்சியில் முன்பு 10, இப்போது 14. அவ்வளவுதான் வித்தியாசம். கேமராவைத் திருப்பினால் படம் விட்டு விட்டு நகர்கிறது. கார்டில் கோளாறா, டிரைவரில் கோளாறா, நான் எதையாவது தவறாக வைத்திருக்கிறேனா?

கூடல்காற்று

செகண்ட் லைஃபுக்கு ஏஎம்டி வாங்கக் கூடாது என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். வியூவர் ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகத்தில் ஓடுகிறது, ஏஎம்டிக்கு ஓப்பன்ஜிஎல் ஆகாது. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு என்விடியா வாங்குங்கள்.

நிரல்வாசன்

பொறுங்கள், கார்டைக் கழற்ற வேண்டாம்.

கூடல்காற்று சொல்வது ஒரு காலத்தில் விண்டோஸில் உண்மை. ஏஎம்டியின் விண்டோஸ் ஓப்பன்ஜிஎல் டிரைவர் வெகுநாள் மந்தமாகவே இருந்தது. 2022 ஜூலையில் வந்த டிரைவரில் அந்தப் பகுதியைப் பெரிய அளவில் சீர்செய்தார்கள். லினக்ஸில் கதையே வேறு. அங்கே ஏஎம்டி கார்டுக்கு ஓப்பன்ஜிஎல் தருவது மெசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் தொகுப்பில் இருக்கும் ரேடியான்எஸ்ஐ டிரைவர். மெசாவை 1993-ல் பிரையன் பால் என்பவர் தனி ஆளாகத் தொடங்கினார். ஏஎம்டி 2006-ல் ஏடிஐ-யை வாங்கியது, 2007-ல் சில்லுகளின் ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. அதன் பிறகு நிறுவனத்தின் ஆட்களும் வெளியாட்களும் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்ததன் பலனைத்தான் நாம் இன்று எந்த டிரைவரையும் தேடி இறக்காமல் அனுபவிக்கிறோம்.

பனைநிழல், அடுத்த நிகழ்ச்சியின்போது இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புள்ளிவிவரப் பட்டை வரும். அதில் சர்வரின் நிலையைக் காட்டும் சிம் எஃப்பிஎஸ், டைம் டைலேஷன் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டெர்மினலில் ரேடியான்டாப் ஓடட்டும், ஜிபியு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தெரியும். இன்னொன்றில் எச்டாப் ஓடட்டும். மொத்த சிபியு சதவீதம் வேண்டாம், ஒவ்வொரு கோராகப் பாருங்கள்.

பனைநிழல்

நேற்று நிகழ்ச்சி இருந்தது, குறித்து வைத்தேன். 41 பேர். சிம் எஃப்பிஎஸ் 45, டைம் டைலேஷன் 0.99. ஜிபியு 28 சதவீதம், சில நேரம் 30. சிபியுவில் மொத்தம் இருபது சதவீதம்கூட இல்லை, ஆனால் ஒரு கோர் மட்டும் 100-லேயே நின்றது. என் எஃப்பிஎஸ் 13, 14.

கார்டு சும்மா இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் நான் எதற்கு வாங்கினேன்?

நிரல்வாசன்

வீணாகவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த எண்கள்.

சிம் எஃப்பிஎஸ் 45 என்றால் சர்வர் நலமாக இருக்கிறது. ஒரு ரீஜனின், அதாவது அந்த உலகின் ஒரு நிலத்துண்டின், சர்வர் வினாடிக்கு 45 சுற்றுக்கு மேல் ஓடாது, அதுதான் அதன் உச்சம். டைலேஷன் 1-ஐ ஒட்டி இருப்பதும் நல்ல சேதி. எனவே எல்லோரும் பொதுவாக 'லேக்' என்று சொல்வது இங்கே உங்கள் கணினிக்குள்தான் நடக்கிறது.

அடுத்தது அந்த 28 சதவீதம். கட்டட வேலையில் கொத்தனார் இருபது பேர் தயாராக நிற்கிறார்கள், செங்கல் எடுத்துக் கொடுக்கச் சித்தாள் ஒரே ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாரை நாற்பதாக்கினாலும் சுவர் அதே வேகத்தில்தான் எழும். உங்கள் கார்டு கொத்தனார்கள். 100-ல் நிற்கும் அந்த ஒரு கோர்தான் சித்தாள்.

'இந்தத் துண்டை இந்த டெக்ஸ்சரோடு (மேலே ஒட்டும் படத்தோடு) வரை' என்று சிபியு கார்டுக்குக் கொடுக்கும் ஒவ்வோர் ஆணையும் ஒரு டிரா கால். செகண்ட் லைஃப் வியூவரின் மூலநிரல் அடித்தளம் பழையது. உலகம் திறந்தது 2003-ல். காட்சியை அலசுவது, எது கண்ணுக்குத் தெரியும் என்று தீர்மானிப்பது, அவதார்களின் எலும்புகளை அசைப்பது, டிரா கால் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் ஒரே முதன்மை த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓடும் வேலைத்தொடரில்) நடக்கிறது. டெக்ஸ்சர்களைப் பிரிப்பது போன்ற வேலைகளைத் தனி த்ரெட்டுகளுக்கு மாற்றிவிட்டார்கள், 2022-ல் நல்ல முன்னேற்றம் வந்தது. ஆனாலும் முதன்மைப் பாரம் அங்கேயேதான்.

கணக்குப் போடுவோம். ஓர் அவதாருக்கு 200 டிரா கால் என்று வைத்தால் 41 பேருக்கு 8,200. வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. ஒரு டிரா காலுக்கு 2 மைக்ரோவினாடி, மேடை, சுவர், மரம் எதையும் சேர்க்காமலே. இதோடு சூரிய நிழலைப் போட்டால், தூரத்தைப் பொறுத்து நான்கு நிழல் வரைபடங்கள் தயாரிக்க வேண்டும். அதே உடல்கள் நிழலுக்காக மறுபடி மறுபடி வரையப்படும். நிழல் போட்டிருக்கிறீர்களா?

பனைநிழல்

போட்டிருக்கிறேன். புது கார்டு வந்ததும் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன். டிரா டிஸ்டன்ஸ் 256.

நிரல்வாசன்

256 மீட்டர் என்றால் ஒரு ரீஜனின் முழு அகலம். அரங்கத்துக்குள் நின்றுகொண்டு பக்கத்து ரீஜன் தோட்டங்களையும் கணினியைச் சுமக்க வைக்கிறீர்கள். தூரத்தைப் பாதியாக்கினால் பரப்பளவு கால்வாசியாகும். அரங்கில் 64 போதும்.

வல்லினம்

நான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் உடைகள் செய்து செகண்ட் லைஃபில் விற்கிறேன். செய்பவர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நிலத்தில் வைக்கும் பொருளுக்கு லேண்ட் இம்பாக்ட் என்ற கணக்கு உண்டு. ஒரு நாற்காலியை ஒரு லட்சம் முக்கோணத்தில் செய்தால் நிலத்தின் கொள்ளளவை அது தின்றுவிடும், யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் நாற்காலி செய்பவர் சிக்கனமாக இருக்கக் கற்றுக்கொள்கிறார். உடம்பில் அணிவதற்கு அந்தக் கணக்கே கிடையாது. ஓர் அவதார் 38 பொருள்கள் வரை மாட்டிக்கொள்ளலாம். ஒரு தலைமுடிக்குள் எத்தனை முக்கோணம் வைத்தாலும் வாங்குபவருக்கு எந்தச் செலவும் தெரியாது. செலவு பக்கத்தில் நிற்பவரின் கணினிக்குப் போகிறது. பதினைந்து வருடமாக மெஷ் (முக்கோணங்களால் ஆன உருவங்களின்) உலகம் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

அடுத்தது உடல்கள். உடைக்கு வெளியே தோல் எட்டிப் பார்க்காமல் இருக்க, உடலைப் பல துண்டுகளாக வெட்டி, வேண்டாத துண்டை மறைக்கும் வசதி வைத்தார்கள். ஆல்பா கட் என்போம். ஒரு மெஷ்ஷுக்கு எட்டு முகங்கள் (தனித்தனி மேற்பரப்புப் பகுதிகள்)தான், அதனால் நூறு துண்டு வேண்டுமென்றால் பதின்மூன்று மெஷ் வேண்டும், ஒவ்வொரு முகமும் தனியாக வரையப்பட வேண்டியது. அதற்கு மேல் பச்சை குத்தலுக்கு ஓர் அடுக்கு, உள்ளாடைக்கு ஓர் அடுக்கு என்று வெங்காயம் போல அதே உடல் மூன்று நான்கு முறை. 2019-ல் பேக்ஸ் ஆன் மெஷ் வந்தபோது இந்த அடுக்குகள் தேவையில்லாமல் போயின. தோல், பச்சை, உள்ளாடை எல்லாவற்றையும் சர்வரே ஒரே படமாகச் சேர்த்துத் தரும். மறைப்பதற்கும் ஆல்பா படம் ஒன்றை அணிந்தால் போதும். ஆனாலும் பலர் பழைய வெட்டு உடலை விடவில்லை, ஒரு கிளிக்கில் மறைப்பது வசதி என்பதால்.

நானும் 2021 வரை முடிச்சு, பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் நிஜ மெஷ்ஷாகவே செய்தேன். ஒரு வாடிக்கையாளர் அதை அணிந்து வந்தால் தன் தோழிகளின் கணினி திணறுகிறது என்று எழுதினார். அன்றிலிருந்து பொத்தானை, மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படமான நார்மல் மேப்பில் செய்கிறேன். பத்தடி தள்ளி நின்றால் வித்தியாசமே தெரியாது.

செவ்வந்தி

ஃபயர்ஸ்டார்மில் 'கிராஃபிக்ஸ் வேகத்தை மேம்படுத்து' என்று ஒரு சாளரம் இருக்கிறது. அருகில் இருக்கும் ஒவ்வோர் அவதாரையும் வரைய எத்தனை மைக்ரோவினாடி ஆகிறது என்று வரிசையாகக் காட்டும். உங்கள் சொந்த அணிகலன்களின் செலவையும் காட்டும். முதலில் அதைப் பாருங்கள். நான் பார்த்த அன்றே ஒரு கொலுசைக் கழற்றிவிட்டேன்.

கூடல்காற்று

சரி, கார்டு பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. டிரா கால்தான் பிரச்சினை என்றால் வல்கன் என்ற புதிய கிராஃபிக்ஸ் இடைமுகத்துக்குப் போனால் தீருமே? மெசாவில் சிங்க் என்று ஒன்று இருக்கிறது, ஓப்பன்ஜிஎல்லை வல்கன் மேல் ஓட்டுகிறது. அதைப் போட்டால்?

நிரல்வாசன்

நல்ல கேள்வி. சிங்க் அருமையான வேலை, மைக் புளூமன்கிரான்ட்ஸ் என்பவர் அதைப் பல வருடமாக முன்னெடுத்து வருகிறார். ஆனால் அது டிரைவரின் இடத்தில்தான் உட்காரும். வியூவரின் முதன்மை த்ரெட் செய்யும் அலசலும் எலும்புக் கணக்கும் அப்படியே இருக்கும். ரேடியான்எஸ்ஐ ஏற்கெனவே நன்றாக இருக்கும்போது நடுவில் இன்னொரு அடுக்கு வைப்பதால் ஏஎம்டியில் பெரிய லாபம் இருக்காது.

மெசாவில் உண்மையில் இந்த வகைச் சுமைக்கு உதவுவது ஜிஎல்த்ரெட். வியூவர் கொடுக்கும் ஓப்பன்ஜிஎல் ஆணைகளை வரிசையில் போட்டு, டிரைவரின் வேலையை இன்னொரு கோரில் செய்யும். சித்தாளுக்கு ஓர் உதவியாள் மாதிரி. ஏஎம்டியில் இருந்து மாரெக் ஓல்ஷாக் இதில் நிறைய உழைத்திருக்கிறார். புதிய மெசாவில் ரேடியான்எஸ்ஐ-க்கு இது தானாகவே இயங்குகிறது, பனைநிழல் எதுவும் செய்ய வேண்டாம். என்விடியாவின் சொந்த டிரைவரிலும் இதே எண்ணத்தில் ஒரு வசதி உண்டு.

என்விடியா என்றதும் லினக்ஸில் ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். நூவோ என்ற திறந்த மூல டிரைவரை ஆர்வலர்கள் ஆவணமே இல்லாமல், சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார்கள். 2014-ல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல்லிலிருந்து என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) இல்லாமல் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாமல் போனது. நிரல் சரியாக இருந்தும் கார்டு தவழ்ந்தது. 2018-ல் வந்த டூரிங் தலைமுறையில் ஜிஎஸ்பி என்ற உள்செயலி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இப்போது மெசாவில் என்விகே என்ற வல்கன் டிரைவர் இருக்கிறது, அதன் மேல் சிங்க் ஓடி ஓப்பன்ஜிஎல் தருகிறது. சிங்கின் உண்மையான பயன் அங்கேதான்.

தீவான்

பேசிக்கொண்டே இருக்காமல் அளந்து பார்க்கலாமே என்று இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

என்னிடம் ஓப்பன்சிமுலேட்டர் வீட்டிலேயே ஓடுகிறது. 2007-லிருந்து இருக்கும் திறந்த மூல சர்வர், செகண்ட் லைஃப் வியூவர்களே அதற்குள் நுழையும். அதில் என்பிசி வசதி உண்டு. என் அவதாரின் தோற்றத்தை ஒரு நோட்கார்டில் சேமித்து, ஸ்கிரிப்டில் அதைச் சொன்னால் அதே உருவில் ஆளில்லாத அவதார்கள் வந்து நிற்கும். ஆகவே கூட்டத்தை நானே உருவாக்கலாம், ஒவ்வொரு முறையும் அதே கூட்டம். நிஜ நிகழ்ச்சியில் யார் வருவார், யார் போவார் என்று தெரியாது, ஒப்பிட முடியாது.

உடலுக்கு ரூத் 2 எடுத்தேன், திறந்த உரிமத்தில் இருக்கும் மெஷ் உடல். வெற்று ரீஜன், தரை மட்டும், நிழல் இல்லை, கேமரா ஒரே இடத்தில். என் கணினி ரைசன் 7 3700எக்ஸ், ஆர்எக்ஸ் 580.

தனியாக நின்றால் 160 எஃப்பிஎஸ். வெட்டுத் துண்டுகள் உள்ள உடலில் 20 பேர்: 47. துண்டுகள் இல்லாத உடலில் அதே 20 பேர்: 83. முக்கோணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், டெக்ஸ்சரும் ஒன்றுதான். துண்டு எண்ணிக்கை மட்டுமே வேறு. நிழல் போட்டதும் முதல் கூட்டம் 26-க்கு இறங்கியது. மெசாவின் கேலியம் ஹட் என்ற அளவீட்டுக் கருவியைப் போட்டு டிரா கால் எண்ணிக்கையைத் திரையிலேயே பார்த்தேன், எண் ஏறும்போது எஃப்பிஎஸ் இறங்குவது கண்கூடாகத் தெரிகிறது.

என் கணினியில், என் காட்சியில் கிடைத்த எண்கள் இவை. உங்களுக்கு வேறாக வரும். ஆனால் 47-க்கும் 83-க்கும் இடையில் கார்டு மாறவில்லை.

வல்லினம்

தீவான், இதைத்தான் பல வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஸ்கிரிப்டைப் பகிர முடியுமா? என் உடைகளை விற்பதற்கு முன் இதே கூட்டத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தீவான்

இன்று இரவு பதிவேற்றுகிறேன். எந்த உரிமமும் வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்.

பனைநிழல்

எனக்கு ஒரு மனத்தடை. அவதார் சிக்கல் வரம்பைக் (அதைத் தாண்டிய அவதார் முழுதாக வரையப்படாது) குறைத்தால் பாதிப் பேர் ஒற்றை நிறப் பொம்மையாக, ஜெல்லி டாலாக மாறிவிடுகிறார்கள். நான் அங்கே போவதே அவர்களைப் பார்க்கத்தான். மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்து உடுத்திக்கொண்டு வருபவரைப் பொம்மையாக்கிவிட்டு நான் மட்டும் வேகமாகக் கேமராவைத் திருப்பி என்ன பயன்?

செவ்வந்தி

எனக்கும் அதே எண்ணம்தான். அதற்குப் பதிலாக 'முழுமையாக வரைய வேண்டிய அவதார் எண்ணிக்கை' என்ற அமைப்பைக் குறையுங்கள். அருகில் இருக்கும் 12 பேர் முழுதாக வருவார்கள். தூரத்தில் இருப்பவர்கள் தட்டைப் படமாக, கொஞ்சம் விட்டு விட்டு அசைவார்கள், ஆனால் அவரவர் முகத்தோடும் உடையோடும்தான் தெரிவார்கள். யாரும் பொம்மையாக மாட்டார்கள். நெருக்கமானவர்களை மட்டும் எப்போதும் முழுதாக வரையச் சொல்லி ஆள் ஆளாகவும் குறிக்கலாம்.

கூடல்காற்று

வியூவர் திறந்த மூலம்தானே, நாமே நம் சிபியுவுக்கு ஏற்றபடி கம்பைல் செய்தால் வேகம் கூடுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

நிரல்வாசன்

செய்திருக்கிறேன். முதன்மை த்ரெட்டில் சிறு லாபம் கிடைக்கும், ஆனால் இன்னோர் இடத்தில் இழப்பீர்கள்.

செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் வியூவரின் மூலநிரலை 2007 ஜனவரியில் திறந்தது, 2010-ல் உரிமத்தை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியது. ஆனால் வியூவருக்குள் எல்லாமே திறந்தது அல்ல. டெக்ஸ்சர்கள் ஜேபெக் 2000 வடிவில் வருகின்றன. அதைப் பிரிக்க அதிகாரபூர்வ வெளியீடுகள் ககாடு என்ற தனியுரிம நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் கம்பைல் செய்தால் திறந்த மூல ஓப்பன்ஜேபெக்தான் கிடைக்கும், டெக்ஸ்சர்கள் தெளிவாக வர அதிக நேரம் எடுக்கும். இயற்பியல் வடிவங்களுக்கான ஹேவோக் பகுதியும் அப்படித்தான். அதன் உரிமம் செகண்ட் லைஃபுக்கு மட்டும் என்பதால்தான் ஃபயர்ஸ்டார்ம் ஓப்பன்சிமுக்குத் தனி வெளியீடு தருகிறது.

ஆனாலும் மூலநிரல் திறந்திருப்பதன் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லிண்டன் லேபின் சொந்த லினக்ஸ் வியூவர் கைவிடப்பட்டு வருடங்கள் கடந்தபோதும் நாம் உள்ளே நுழைய முடிந்தது ஃபயர்ஸ்டார்ம் போன்ற தன்னார்வக் குழுக்களால்தான். செவ்வந்தி சொன்ன மைக்ரோவினாடிப் பட்டியலும் அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து எழுதியதுதான். எங்கே நேரம் போகிறது என்று யாரோ ஒருவருக்கு அக்கறை இருந்தது, உள்ளே பார்க்க வழியும் இருந்தது.

முன்பு சொல்கிறேன் என்ற விஷயம்: கார்டு வீணில்லை. 1024-க்கு 1024 டெக்ஸ்சர் ஒன்று சுருக்காமல் 4 எம்பி, சிறிய நகல்களையும் சேர்த்தால் 5.3 எம்பி. பிபிஆர் என்ற புதிய ஒளி, பொருள் வரைமுறை வந்த பிறகு 2048 வரை ஏற்றலாம், அதில் ஒன்றே 21 எம்பி. நாற்பது பேரின் டெக்ஸ்சர்களுக்கு 8 ஜிபி நன்றாகவே பயன்படும். உங்கள் படம் மங்கித் தெளிந்து மங்குவது நின்றிருக்குமே?

பனைநிழல்

ஆமாம்! அது சுத்தமாக நின்றுவிட்டது. எஃப்பிஎஸ் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை.

மழைக்குருவி

நடுவில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தங்கையிடம் இருப்பது பழைய மடிக்கணினி, இன்டெல் உள்கிராஃபிக்ஸ். பிபிஆர் வியூவரில் பழைய எளிய வரைமுறையே இல்லை என்கிறார்களே, அவள் சேர முடியுமா?

நிரல்வாசன்

உண்மைதான். 2023 இறுதியில் லிண்டன் வியூவரிலும் 2024-ல் ஃபயர்ஸ்டார்மிலும் பிபிஆர் வந்தபோது மேம்பட்ட ஒளியமைப்பு நிரந்தரமாகிவிட்டது, அணைக்க முடியாது. பழைய உள்கிராஃபிக்ஸுக்கு அது பாரம். அங்கே ஜிபியுதான் திணறும், இந்த இழையில் பேசியதற்கு நேர் எதிர். நிழல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் அணைத்து, சாளரத்தைச் சிறிதாக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காசு செலவழிப்பதற்கு முன் ஒரு மாலை அப்படி முயலட்டும்.

பனைநிழல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நிகழ்ச்சி முடிந்தது, 39 பேர். ஒவ்வொன்றாக மாற்றிக் குறித்தேன்.

நிழலை அணைத்ததும் 14-லிருந்து 21. டிரா டிஸ்டன்ஸ் 64-க்கு வந்ததும் 24. முழு அவதார் எண்ணிக்கை 12 ஆனதும் 33. இடையில் நிரல்வாசன் அண்ணா தனிமடலில் கேட்டதால் ரேமைப் பார்த்தேன். 16 ஜிபியும் ஒரே குச்சியில் இருந்தது, கடையில் அப்படியே கொடுத்துவிட்டார்கள். அதே வேகத்தில் இன்னொரு குச்சி இரவல் வாங்கிப் போட்டேன், 36. என் 5600ஜி-யில் எல்3 கேஷ் (சிபியுவின் உள்நினைவகம்) 16 எம்பிதான், சாதாரண 5600-ல் 32 என்று அண்ணா சொன்னார். அதனால் ரேம் வேகம் எனக்குக் கூடுதலாக உறைக்கிறது போலிருக்கிறது. கார்டு அதேதான்.

அப்புறம் செவ்வந்தி அக்கா சொன்ன பட்டியலைத் திறந்தேன். 39 பேரில் வரைய அதிக நேரம் எடுப்பவர்களில் மூன்றாவது இடத்தில் நான்தான் இருந்தேன். பழைய வெட்டு உடல், அதன் மேல் நான்கு அடுக்கு, ஒரு ஜடை. உடனே மேடைக்குப் பின்னால் போய், பேக்ஸ் ஆன் மெஷ் உடலுக்கு மாறி, ஜடையைக் கழற்றிவிட்டு வந்தேன். பட்டியலில் இருபத்தேழாவது இடத்துக்குப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு தோழி, தன் மடிக்கணினியில் பாட்டு நடக்கும்போது கேமரா இப்போதுதான் கொஞ்சம் நகர்கிறது என்று எழுதினாள். அவளிடம் இன்னும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை.

வல்லினம், ஜடைக்கு இலேசான மாற்று ஏதாவது செய்து தர முடியுமா? பூ வைத்தது வேண்டும்.

வல்லினம்

முடியும். பூவை ஒரே டெக்ஸ்சரில் அடக்கி, முழு ஜடையையும் இரண்டு முகத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். மல்லிகையா, கனகாம்பரமா?

பனைநிழல்

கனகாம்பரம்.